பயத்தோடு படலையைத் திறப்பது: கடவுளின் அழைப்பும் நம்முடைய அச்சமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் தேவாலயத்தின் வாலிபர் கூட்டத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பகலில் பாடசாலை ஆசிரியை. கூட்டம் முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு யாராவது ஒருவர் வேப்பமரத்தடியில் தயங்கி நிற்பார். "அக்கா, ஒரு விஷயம் கேட்கலாமா?" என்று தொடங்கும் பேச்சு, பெரும்பாலும் இந்த இடத்துக்கே வந்து சேரும்: கடவுள் தன்னை எதற்கோ கூப்பிடுவதாக அவருக்குத் தோன்றுகிறது, ஆனால் பயமாக இருக்கிறது. அப்படி வந்த கேள்விகளைத் தொகுத்து என்னால் முடிந்த மறுமொழிகளை எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடவுள் தந்த நோக்கம், அழைப்பு என்றெல்லாம் சொல்கிறீர்கள். அது என்ன?

குருவானவராவதும் கன்னியர் மடத்தில் சேர்வதும்தான் அழைப்பு என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். வேதாகமத்தில் மோசேயின் கதையை நிதானமாக வாசித்தபோது அந்த எண்ணம் மாறியது. எரிகிற முட்செடியிலிருந்து பேசிய கடவுள், மோசேயின் திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எகிப்தில் தம்முடைய மக்கள் படும் துன்பத்தைக் கண்டேன், அவர்களுடைய கூக்குரலைக் கேட்டேன் என்றுதான் தொடங்குகிறார். "ஆகையால் நீ போ" என்பது அதற்குப் பின்னால் வருகிறது.

ஆகவே, என்னிடம் என்ன வரம் இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், யாருடைய அழுகை என் காதை விட்டுப் போக மறுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அது பள்ளிக்கூடம் வராத பிள்ளை. சிலருக்கு மதுவில் அழியும் அயல்வீடு. எனக்கு, பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து போய்விட, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள்.

பயமாக இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு விசுவாசம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள்மேல் அல்ல. பயம் பாவம், பயப்படுகிறவன் சாத்தானுக்கு இடம் கொடுக்கிறான் என்று ஒலிபெருக்கியில் முழங்கி அனுப்பிவிடுகிறவர்கள்மேல். அந்தக் கூட்டங்களுக்குப் போய்வந்த ஒரு மாணவிக்கு முன்பு ஒரு பயம்தான் இருந்தது. திரும்பி வரும்போது, பயப்படுகிறேனே என்ற பயமும் சேர்ந்து இரண்டாகிவிட்டது.

மோசே எத்தனை சாக்குச் சொன்னார் என்று எண்ணிப் பாருங்கள். போவதற்கு நான் யார்? உம்முடைய பெயர் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? அவர்கள் என்னை நம்பாவிட்டால்? எனக்குப் பேச்சு வராதே? கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும். ஐந்து தடவை. எரேமியா தான் சிறுபிள்ளை என்றார். கிதியோனைத் தூதன் சந்தித்தபோது அவர் எதிரிகளுக்குப் பயந்து, திராட்சை ஆலையில் ஒளிந்துகொண்டு கோதுமை போரடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதனைத்தான் தூதன் "பராக்கிரமசாலியே" என்று கூப்பிட்டான்.

"பயப்படாதே" என்ற சொல் வேதாகமம் முழுவதும் வருகிறது. பயந்துகொண்டிருந்தவர்களிடம் சொல்லப்பட்ட சொல் அது. அதை அதட்டலாகக் கேட்காதீர்கள். இருட்டில் விழித்து அழும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு தாய் சொல்கிறாளே, அந்தக் குரலில் கேளுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். "நான் யார்?" என்று மோசே கேட்டதற்குக் கடவுள் "நீ இப்படிப்பட்டவன்" என்று பதில் சொல்லவே இல்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பயம் வளர்ந்துகொண்டேயிருக்கும். என்னை அனுப்புகிறவரையும், யாரிடம் அனுப்புகிறாரோ அவரையும் பார்க்கத் தொடங்கினால் அது தன் அளவுக்கு வந்துவிடும். முற்றாகப் போகாது. போன பிறகு புறப்படலாம் என்று காத்திருந்தால் நரைத்துவிடுவோம்.

நாங்கள் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்கள். பயம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறதே?

காப்பாற்றியது உண்மை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நானும் அந்த நெரிசலில் இருந்தேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் நின்றோம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. மழை. அம்மாவின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்குப் பயப்படாதவன் முட்டாள். சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய கால்களுக்கு நாங்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பயம், ஆபத்து முடிந்த பிறகும் வேலையை விட்டுப் போக மறுக்கிறது. அடையாள அட்டையை எடுத்தேனா என்று இன்றைக்கும் படலையடியில் மூன்று முறை பார்க்கிறேன். "வெளியே தலை காட்டாதே, முன்னுக்கு நிற்காதே, பெயர் கொடுக்காதே" என்று எங்கள் வீடுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்தின் ஞானம். அதே சொற்கள் இன்று ஒரு பிள்ளையை மேடையேற விடாமல், ஒரு சங்கத்துக்குச் செயலாளராக விடாமல், அநியாயத்தைக் கண்டு வாய் திறக்க விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நாங்கள் உண்மையாகவே பேயைக் கண்டு அரண்டவர்கள். அதனால் எங்களை நாங்களே கடிந்துகொள்ளாமல், இன்றைக்கு இருப்பது வெறும் இருட்டுத்தானா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். நித்திரை வராமல், நெஞ்சு படபடத்து, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வாழ்க்கையே நின்றுபோயிருந்தால், அது ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டிய நிலை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். கால் முறிந்தால் வைத்தியரிடம் போகிறோம். அதைப் போலத்தான் இதுவும். மருந்து எடுக்கிறவரின் விசுவாசத்தை யாராவது குறைத்துப் பேசினால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

ஊர் என்ன சொல்லும்?

ஊர் சொல்லத்தான் செய்யும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

யாழ்ப்பாணத்தில் துவக்கை விட அதிகம் பேரை முடக்கிப்போட்ட பயம் இதுதான் என்று நினைக்கிறேன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தண்ணீர்ப் பந்தலடியிலும் நம்மைப் பற்றி நடக்கப்போகும் ஒரு உரையாடலை நாமே கற்பனை செய்து, அதற்கு நாமே பயந்து, எதையும் தொடங்காமல் இருந்துவிடுகிறோம்.

இங்கே வலிகாமத்திலிருக்கும் உடுவில் என்ற ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ என்ற அமெரிக்க மிஷனரிப் பெண் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பாடசாலை தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அங்கே முதலில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளையும், அவர்களை அனுப்பிய தாய்மாரையும் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஒழுங்கையில் நடந்து போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் என்னென்ன பேச்சுக் கேட்டிருக்கும்? பேசியவர்களின் பெயர் ஒன்றும் இன்றைக்கு நமக்குத் தெரியாது. அந்தப் பாடசாலைக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. வின்ஸ்லோ அம்மையார் தொடங்கி ஒன்பது ஆண்டுகளில், 1833இல், இறந்துபோனார். தான் நட்டது என்னவாகும் என்று அவருக்குத் தெரியாது.

அம்மாவும் அப்பாவும் சம்மதிக்கவில்லை.

முதலில் அவர்களுடைய பயத்துக்கு மரியாதை கொடுங்கள். இரண்டு மூன்று முறை எல்லாவற்றையும் இழந்து, பூச்சியத்திலிருந்து வீடு கட்டியவர்கள் அவர்கள். அரசாங்க உத்தியோகமும் மாதச் சம்பளமும் அவர்களுக்குப் பேராசை இல்லை. மீண்டும் தெருவில் நிற்கக்கூடாது என்ற தவிப்பு. "கர்த்தர் சொல்லிவிட்டார், நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள்" என்று பெற்றோரின் வாயை அடைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். கடவுளின் பெயரை வாதத்துக்கு ஆயுதமாக எடுக்காதீர்கள்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த பெண்பிள்ளை ஒருத்தி, காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தகப்பனார் கேட்கவே மாட்டேன் என்றார். ஆறு மாதம் வீட்டில் யுத்தம். "அப்பாவோடு வாதாடுவதை நிறுத்து, கைதடிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போ" என்றேன். கைதடியில் செவிப்புலன், கட்புலன் இழந்த பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை இருக்கிறது. போனார்கள். அங்கே ஒரு சிறுவன் தகப்பனாருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, அவருடைய உள்ளங்கையில் தன் பெயரை எழுதிக் காட்டியிருக்கிறான். வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லையாம். அடுத்த கிழமை, அந்தப் பயிற்சிக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவரே விசாரித்தார்.

எல்லாத் தகப்பன்மாரும் அப்படி மாறுவார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஆண்டுகள் எடுக்கும். அந்த ஆண்டுகளில் பகுதி நேரமாக, சனிக்கிழமைகளில், சிறிதாகச் செய்துகொண்டிருக்க யாரும் தடை போடுவதில்லை.

இது கடவுளின் அழைப்பா, என்னுடைய ஆசையா என்று எப்படித் தெரியும்?

ஆசை என்றால் உடனே தவறு என்று நினைக்காதீர்கள். அவர் ஆசை வழியாகவும் பேசுவார். நான் பார்ப்பது இவற்றைத்தான். நாட்கள் போகப் போக அது மங்குகிறதா, இறுகுகிறதா? யாரும் பாராட்டாவிட்டாலும் செய்வேனா? என்னை நன்றாக அறிந்த, என்னைப் புகழ வேண்டிய தேவையில்லாத இரண்டு பேர் என்ன சொல்கிறார்கள்? இதனால் நன்மை அடையப்போவது நானா, வேறு யாராவதா?

கூட்டத்தில் யாரோ தலையில் கைவைத்து "நீ தேசங்களுக்குப் போவாய்" என்று சொன்னதை மட்டும் நம்பி வேலையை விட்டவர்களையும், நகையை அடகு வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவசரப்படுத்தும் குரலைச் சந்தேகியுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியும் கடவுள் நமக்குத் தந்த புத்திதான்.

எங்கள் மண்ணில் இப்படிப் பயத்தைத் தாண்டிப் புறப்பட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புனித யோசப் வாஸ். நான் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் சில்லாலைப் பக்கம் போகும்போதெல்லாம் அவரை நினைப்பேன். யாழ்ப்பாணம் 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தச் சனங்கள் குரு இல்லாமல் இருந்தார்கள். கோவாவில் குருவானவராக இருந்த யோசப் வாஸ் இதைக் கேள்விப்பட்டு, 1687இல் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து வந்தார். வந்த கையோடு கடும் நோய். எழும்பியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைப் பார்த்து யாருடைய கண் கலங்குகிறது என்று கவனிப்பதுதான் அவர் கையாண்ட வழி. எவ்வளவு ஆபத்து! தவறான வீட்டில் தட்டினால் சிறைதான். பிறகு சில்லாலையில் தங்கி, இரவுகளில் ஊர் ஊராகப் போனார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கே வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தப் பிச்சைக்காரக் கோலத்துக்கும் காலிமுகத் திடலில் கூடிய அந்தப் பெருங்கூட்டத்துக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல்.

மானிப்பாய்க்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இன்னொருவர். 1847இல் வந்தபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயது. தமிழைக் கற்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். இந்த மொழியில் அது முடியுமா என்ற கேள்வி அவருக்கு முன்னாலும் இருந்திருக்கும். 1884இல் அமெரிக்காவில் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்றே அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

அண்மைக் காலத்தில் என்றால், 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தார்களே, அவர்கள். ஏறத்தாழ 670 கிலோமீற்றர். யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகள். தெற்கிலிருந்து வடக்குக்கு நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டினார்கள். அங்கே இன்று சிகிச்சை பெறுகிறவர்களில் எங்கள் சபையாரும் இருக்கிறார்கள்.

நாங்கள் சைவக் குடும்பம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும் என்றே நம்புகிறேன், தங்கச்சி. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் என்னை விட நன்றாகச் சொல்வார்கள். கிறீன் வைத்தியர் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆசிரியர், வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணை, நல்ல நிலை. 1847இன் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார். சம்பளம் வந்த வேலையை விட்டார். அவர் எங்கள் மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர்தான். அதனால் அவருடைய துணிவை நான் மதிக்காமல் இருக்க முடியுமா? தான் சரியென்று கண்டதற்காக ஒரு இளைஞர் உறுதியான வருமானத்தைக் கைவிட்டார். அந்தத் துணிவு எனக்கும் பாடம்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

எல்லா அழைப்புக்கும் வாய் தேவையில்லை. சமைக்கத் தெரிந்தால் சமையுங்கள். கணக்குத் தெரிந்தால் விதவைப் பெண்ணொருத்தியின் கடன் புத்தகத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள். பேசியே ஆக வேண்டிய இடம் என்றால், எழுதி வைத்து, மூன்று பேர் முன்னால் வாசியுங்கள். பிறகு ஏழு பேர். நடுக்கம் குறைய எனக்கு நான்கு ஆண்டுகள் எடுத்தது.

வெளிநாடு போவதா, இங்கேயே இருப்பதா?

இதற்குப் பொதுவான மறுமொழி கிடையாது. வெளிநாடு போன எல்லோரும் அழைப்பை விட்டு ஓடிய யோனாக்கள் என்று சொல்வது அநியாயம். கனடாவில் இரவு வேலை செய்து, இங்கே ஒரு குடும்பத்தையே படிக்க வைத்த அண்ணன்மார் எத்தனை பேர்! இங்கே இருப்பவர்கள் எல்லோரும் தியாகிகளும் அல்லர்.

யோனாவின் கதையில் நான் பார்ப்பது திசையை. நினிவேக்குப் போகச் சொன்னபோது அவர் யோப்பாவில் நேர் எதிர்த்திசைக் கப்பலில் ஏறினார். கப்பல் ஏறியது குற்றமில்லை. யாருடைய முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக ஏறினார் என்பதுதான் காரியம். விசாவுக்கு விண்ணப்பிக்கும் தம்பியிடம் நான் கேட்பதும் அதுவே: எதை நோக்கிப் போகிறாய், எதை விட்டுப் போகிறாய்? இரண்டையும் உண்மையாக எழுதி வைத்துக்கொள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

தோற்றுப்போனால்?

தோற்றிருக்கிறேன். கரையோரக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்புத் தொடங்கினேன். நான்கு மாதம்கூட நடக்கவில்லை. சோழகக் காற்றுக் காலத்தில் பிழைப்புக்காகக் குடும்பங்கள் இடம் மாறுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பெற்றோரிடம் எந்த நேரம் வசதி என்றும் கேட்கவில்லை. எனக்கு வசதியான நேரத்தில் போய் நின்றேன். கடைசி நாள் வந்தது இரண்டே பிள்ளைகள். சோக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதேன்.

பவுல் அப்போஸ்தலன் பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் விடவில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வசனம் இருக்கிறது. அடைபட்ட அந்த வழியிலிருந்துதான் அவர் மக்கெதோனியாவுக்குப் போனார். என் வகுப்பு அடைபட்டதற்குப் பெரும்பாலும் என் அறியாமையே காரணம். அதை ஆவியானவர்மேல் போட மாட்டேன். ஆனால் அந்தக் குடியிருப்பில் வாசலில் எப்போதும் தனியே அமர்ந்திருந்த ஒரு கிழவியின் முகம் என்னோடு வந்துவிட்டது.

நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு அம்மா இருந்தார். எண்பது வயது தாண்டியவர். மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டில். மதில் உயரம், இரும்புப் படலை, உள்ளே நாய். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு தவக்காலம் முழுவதும் என்னை விடவில்லை. போய் என்ன சொல்வது? காசுக்கு வருகிறாள் என்று நினைப்பாரோ? மதம் மாற்ற வருகிறாள் என்று அயல் சொல்லுமோ? முதல் முறை படலையடி வரை போய்த் திரும்பினேன். இரண்டாம் முறை மணியை அடித்துவிட்டு, யாரும் வருமுன்னே நடந்துவிட்டேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் முறை உள்ளே போனேன்.

நான் தயார் செய்துகொண்டு போன ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. "வா பிள்ளை, இரு. தேத்தண்ணீர் குடிப்பாயா?" என்றார். பிறகு இரண்டு மணித்தியாலம் அவர்தான் பேசினார். புறப்படும்போது, போன கிழமை யாரோ மணியடித்தார்கள், ஓடிவந்து பார்த்தேன், ஆளில்லை என்றார். எண்பது வயதில், முழங்கால் வலியோடு, அந்த முற்றம் முழுவதையும் கடந்து வந்திருக்கிறார். நான் என் பயத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்.

அவர் போய்ச் சேரும்வரை ஐந்து ஆண்டுகள் வியாழக்கிழமை தோறும் போனேன். இப்போது எங்கள் வாலிபர் கூட்டத்திலிருந்து ஒன்பது பேர் அப்படி ஒவ்வொரு வீட்டுக்குப் போகிறார்கள்.

தனியாகத் தொடங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். மோசேயோடு ஆரோன் போனார். இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். யோசப் வாஸ் முனிவருடன்கூட யோவான் என்ற ஒரு பணியாள் கடல் கடந்து வந்திருக்கிறார். அவரைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசுவதில்லை.

அந்த மூன்றாம் முறை நானும் தனியாகப் போகவில்லை. என் சித்தியின் மகள் கூட வந்தாள். அவளுக்கு நாய் என்றால் பயம். உள்ளே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு மணித்தியாலமும் எதிர் வீட்டு மதில் நிழலில் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.